ஊசி, கம்பிச்சுருள், செல்போன்: பூமியின் காந்தப்புலத்தை நீங்களே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பூமியின் காந்தப்புலத்தைப் பற்றி எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அளந்து பார்த்தவர்கள் குறைவு. அதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஒரு தையல் ஊசி, கொஞ்சம் வைண்டிங் கம்பி, ஒரு பேட்டரி, சாதாரண மல்டிமீட்டர், கையில் இருக்கும் செல்போன் போதும். புலம் எந்தத் திசையில் இருக்கிறது, தரையை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வலுவானது என்ற மூன்றையும் ஒரே சனி, ஞாயிறில் கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டியும் இலங்கையின் மேலாகவும்தான் போகிறது. லண்டனில் புலம் சுமார் 66 டிகிரி சரிவாகத் தரைக்குள் இறங்குகிறது. டில்லியில் ஏறக்குறைய 45. சென்னையில் பத்து டிகிரியை ஒட்டி, திருநெல்வேலியில் ஓரிரு டிகிரிதான். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புவது புலத்தில் தரைக்கு இணையாக இருக்கும் பகுதி, அதாவது கிடைத்தளக் கூறு மட்டுமே. காந்தப்புலத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். லண்டனில் அந்தக் கூறு சுமார் 20 மைக்ரோ டெஸ்லா. நமக்கு அதைப்போல் இரு மடங்கு, சுமார் 40. உலகிலேயே இந்தக் கூறு மிக அதிகமாக இருக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கு நாம் பக்கத்தில்தான் இருக்கிறோம். இந்த அளவீட்டைச் செய்து பார்க்க இதைவிடத் தோதான இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அதனால்தான் இதை நம் பிள்ளைகள் படமாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எதை அளக்கப் போகிறோம்

பாடப்புத்தகத்தில் வரும் மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். புவியியல் வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம் காந்த ஒதுக்கம். புலம் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் காந்தச் சரிவு. மூன்றாவது, மேலே சொன்ன கிடைத்தளக் கூறு.

வலுவைப் பற்றி ஒரு மதிப்பீடு கையில் இருப்பது நல்லது. பூமியின் புலம் துருவங்களை ஒட்டி 60 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் போகும். தென் அமெரிக்காவின் நடுவிலும் தென் அட்லாண்டிக் கடல் மேலும் 22, 23 வரை இறங்கிவிடும். செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகள் கதிர்வீச்சால் அதிகம் தொல்லைப்படுவது அந்தப் பகுதியைக் கடக்கும்போதுதான். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தின் பரப்பில் இருக்கும் புலம்கூடப் பூமியின் புலத்தைவிட நூறு மடங்கு அளவுக்கு வலுவானது. இவ்வளவு மெல்லிய ஒன்றை அளக்கப் போகிறோம் என்பதால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான வீடுகளில் அளவு தப்பாக வருவதற்குக் காரணம் கருவி இல்லை, இடம்தான். கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. பீரோ, கிரில் கேட், கட்டில், தண்ணீர்க் குழாய், வெளியே நிற்கும் ஸ்கூட்டர் எல்லாமே புலத்தை வளைக்கும். மொட்டைமாடி திறந்தவெளியாகத் தெரிந்தாலும் காலுக்குக் கீழே கம்பி வலை ஓடுகிறது. அதனால் அதுவும் வேண்டாம்.

மண் தரை உள்ள மைதானம், தோப்பு, கடற்கரை ஆகியவைதான் சரியான இடங்கள். கார்களிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளிப் போங்கள். மர ஸ்டூல் அல்லது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மேசையாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றிவிடுங்கள். செல்போனைச் சோதனை நடக்கும் திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், அதன் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது.

இடம் சரிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சிறிய திசைகாட்டியைத் தரைக்கு ஒரே உயரத்தில் பிடித்தபடி நாலாபக்கமும் இரண்டு மூன்று அடி நகருங்கள். முள் எங்கும் ஒரே திசையைக் காட்டினால் சரி. நகர நகர முள்ளும் திரும்பினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலை போன்ற இடங்களில் பாறையே இதைச் செய்யும். அந்த மலையில் மேக்னடைட் என்ற காந்தத்தன்மை கொண்ட இரும்புத்தாது பட்டை பட்டையாக ஓடுகிறது.

முதல் படி: ஊசியைத் திசைகாட்டியாக்குவது

கடையில் வாங்கிய திசைகாட்டி இருந்தாலும் இந்தப் படியை ஒருமுறை செய்யுங்கள். அதில் வெளிவரும் சில விஷயங்கள் கடைத் திசைகாட்டியில் தெரியாது.

ஒரு தையல் ஊசியை மேசையில் வைத்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தின் ஒரு பக்கத்தால் காதிலிருந்து முனை வரை ஒரே திசையில் தேயுங்கள். முனைக்கு வந்ததும் காந்தத்தைத் தூக்கி, காற்றில் சுற்றிக் காதுக்குக் கொண்டுவந்து மறுபடி தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் முன்பு செய்த வேலை அழிந்துபோகும். முப்பது நாற்பது முறை போதும். வட துருவத்தால் தேய்த்திருந்தால், தேய்ப்பு முடியும் ஊசிமுனை தென் துருவமாகும். தென் துருவத்தால் தேய்த்திருந்தால் எதிர்மாறாக வரும்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெர்மோகோலை மெல்லியதாக வெட்டி, அதன் மேல் ஊசியை வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கட்டும். தண்ணீரைப் பாதி ஊற்றினால் மிதவை ஓரத்துக்குப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விளிம்புக்கு மேல் லேசாக எழும்பி நிற்கும் அளவுக்குத் தளும்ப ஊற்றினால் அது நடுவிலேயே நிற்கும்.

இப்போது ஊசியை உற்றுப் பாருங்கள். மெதுவாகச் சுழன்று, வடக்கைத் தாண்டி, திரும்பி வந்து, கொஞ்ச நேரம் ஆடி நின்றுவிடும். சுழலும், ஆனால் வடக்கு நோக்கி நகராது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஊசியின் நீளத்துக்குள் பூமியின் புலம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம். வட முனையை எவ்வளவு இழுக்கிறதோ அதே அளவு தென் முனையை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மிஞ்சுவது முறுக்கு மட்டும்தான். காந்தம் ஆணியை இழுப்பது, ஆணியின் ஒரு முனையில் புலம் அதிகமாகவும் மறு முனையில் குறைவாகவும் இருப்பதால். பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்தால் மிதவை சட்டென்று அந்தப் பக்கம் ஓடுவதைப் பார்க்கலாம். சீரான புலத்துக்கும் சீரற்ற புலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: உண்மையான வடக்கைச் சங்கு வைத்துக் காண்பது

ஊசி காட்டும் வடக்கைச் சரிபார்க்கக் காந்தத்தோடு தொடர்பில்லாத இன்னொரு வடக்கு வேண்டும். அதைச் சூரியன் தரும். கோயில் கட்ட மனை அளக்கும் ஸ்தபதிகள் பயன்படுத்திய சங்கு முறைதான் இது.

சமமான தரையில் ஒரு முழ நீளக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள், தூக்குக்குண்டு பிடித்துச் சரிபாருங்கள். குச்சியை மையமாக வைத்து, தரைக்கு மேல் தெரியும் அதன் உயரத்தையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்கு வெளியே இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் நீண்டு வட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகக் குச்சி வழியாகப் போடும் கோடு வடக்கு தெற்கு.

நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். வட்ட முறைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இந்தக் கோட்டின் மேல் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். தமிழ்நாட்டில் காந்த ஒதுக்கம் மேற்கே ஒன்று, ஒன்றரை டிகிரி அளவுதான். உங்கள் கோட்டிலும் ஊசியிலும் வரும் பிழை அதைவிட அதிகமாக இருக்கக்கூடும். ஆக நம் ஊரில் வாசல் வைக்க, சோலார் பேனல் திருப்ப, டிஷ் ஆன்டெனா பார்க்கத் திசைகாட்டியை அப்படியே நம்பலாம். அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் உறவினர் அப்படி நம்பினால் 15 டிகிரி தப்புவார்.

மூன்றாம் படி: செல்போனில் சரிவை அளப்பது

இன்றைய ஸ்மார்ட்போன்களில் காந்தமானிச் சில்லு ஒன்று இருக்கும். மேப்பில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று காட்டுவது அதுதான். மிக மலிவான சில போன்களில் மட்டும் இருக்காது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியை நிறுவினால், சில்லு காட்டும் எண்களை நேரடியாகப் பார்க்கலாம். எக்ஸ் என்பது போனின் அகலவாட்டில், ஒய் நீளவாட்டில், இசட் திரைக்குச் செங்குத்தாக.

போன் கவரில் காந்தம் இருந்தால் கழற்றுங்கள். மர ஸ்டூலின் மேல் ஒரு தாளை ஒட்டி, திசைகாட்டி காட்டும் வடக்கு தெற்குக் கோட்டைப் பென்சிலால் போடுங்கள். திசைகாட்டியை அப்புறப்படுத்திவிட்டு, போனின் நீண்ட விளிம்பு அந்தக் கோட்டின் மேல் வருமாறு, திரை மேலே பார்க்க வையுங்கள்.

ஒய் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. போனின் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், பேட்டரி, அதிர்வு மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒரு நிலையான பிழையைக் கூட்டியிருக்கும். அதைக் கழிக்க, போனை அதே கோட்டில் தலைகீழாகத் திருப்பி, அதாவது வடக்கே இருந்த முனை தெற்கே வருமாறு வைத்து மறுபடி படியுங்கள். உதாரணமாக முதலில் 52, பிறகு மைனஸ் 28 என்று வந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 80. அதில் பாதி 40 மைக்ரோ டெஸ்லா, இதுதான் கிடைத்தளக் கூறு. பூமியின் புலம் போனைத் திருப்பியதும் குறி மாறிவிட்டது. போனின் சொந்தப் பிழையான 12 அப்படியே நின்றது. அதனால் கழித்ததும் பிழை காணாமல் போய்விட்டது. அளவீட்டுக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

இசட்டுக்கும் அதே வழிதான். திரை மேலே பார்க்க ஒருமுறை, திரை தரையைப் பார்க்க ஒருமுறை. மைனஸ் 15, மைனஸ் 1 என்று வந்தால் வித்தியாசம் 14, பாதி 7. இது செங்குத்துக் கூறு. போன் இடையிடையே தானாகத் திருத்தம் செய்துகொள்ளும் என்பதால் இரண்டு அளவுகளையும் அடுத்தடுத்து, தாமதமில்லாமல் எடுங்கள்.

செங்குத்துக் கூறான 7-ஐக் கிடைத்தளக் கூறான 40-ஆல் வகுத்தால் 0.175. எந்தக் கோணத்தின் டேன் (tan) மதிப்பு 0.175 என்று கால்குலேட்டரில் பார்த்தால் பத்து டிகிரி. இது சென்னை வட்டாரத்தின் சரிவு. நாகர்கோவிலில் செய்தால் செங்குத்துக் கூறு ஒன்றிரண்டுக்குள் நிற்கும், அதைப் பிடிப்பது போனுக்கே சிரமம். அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா (NOAA) இணையத்தில் ஒரு கணிப்பானை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் மூன்று அளவுகளையும் சொல்லும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சரிவு திசைகாட்டி வியாபாரத்தையே பாதிக்கிறது. ஐரோப்பாவுக்காகச் செய்த திசைகாட்டியில் வட முனை கீழே சாயாமலிருக்கத் தென் முனையைக் கொஞ்சம் கனமாக்கியிருப்பார்கள். அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்து கண்ணாடியில் உரசும். நம் பகுதிக்கு அநேகமாக எந்த எடையும் தேவைப்படுவதில்லை.

நான்காம் படி: கம்பிச்சுருளால் வலுவை அளப்பது

போன் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தச் சில்லை நம்பித்தான் அதை ஏற்கிறோம். மின்னோட்டத்தையும் கோணத்தையும் நாமே அளந்து அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தால் கிடைக்கும் திருப்தி வேறு. பிளஸ் டூ ஆய்வகத்தில் டேஞ்சன்ட் கால்வனோமீட்டரைத் தொட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். அதன் வீட்டு வடிவம்தான் இது.

மோட்டார் வைண்டிங் கடையில் 22 கேஜ் எனாமல் செம்புக்கம்பி ஏழெட்டு மீட்டர் வாங்குங்கள். சரியாக 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, நழுவாமல் நூலால் நாலைந்து இடத்தில் கட்டி, டப்பாவை உருவிவிடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் சுற்றினாலும் பரவாயில்லை, உருவி எடுத்துவிட்டால் போதும். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலைப் பிளேடால் நன்றாகச் சுரண்டுங்கள். பளபளவென்று செம்பு தெரியும்வரை சுரண்டாவிட்டால் மின்சாரம் போகாது.

வளையத்தை நிமிர்த்தி ஒரு அட்டைப்பெட்டியில் செருகி நிறுத்துங்கள். வளையத்தின் நடுமையத்தில் சிறிய திசைகாட்டி படுத்த வாக்கில் வருமாறு கீழே புத்தகங்களை அடுக்குங்கள். பிறகு மொத்த அமைப்பையும் திருப்பி, வளையத்தின் தளமும் திசைகாட்டி முள்ளும் ஒரே கோட்டில் வரச் செய்யுங்கள். மேலிருந்து பார்த்தால் வளையம் ஒரு கோடாகத் தெரியும், முள் அந்தக் கோட்டின் மேல் கிடக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பொறுமை காட்டினால் மற்றவை தானாக வரும்.

ஒரு ஏ.ஏ. பேட்டரி, 4.7 ஓம் ஒரு வாட் ரெசிஸ்டர், 10 ஆம்பியர் துளையில் கம்பி செருகிய மல்டிமீட்டர், சுருள் நான்கையும் வரிசையாக இணையுங்கள். பேட்டரியும் மீட்டரும் சுருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பேட்டரியின் உறையே இரும்புதான். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டால் அவற்றின் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இணைத்ததும் முள் பட்டென்று ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். 1820-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் கண்டது இதைத்தான், மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது. சுருள் உண்டாக்கும் புலம் கிழக்கு மேற்காக இருக்கிறது, பூமியுடையது வடக்கு தெற்காக இருக்கிறது. முள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சுருளின் புலத்தைப் பூமியின் கிடைத்தளக் கூறால் வகுத்தால் கிடைப்பது, முள் ஒதுங்கிய கோணத்தின் டேன் மதிப்பு.

நீங்கள் சுற்றிய சுருளுக்கு, அதாவது பத்துச் சுற்று, பத்து செ.மீ. ஆரம் என்றால், ஒரு ஆம்பியருக்கு 62.8 மைக்ரோ டெஸ்லா. மீட்டர் 0.28 ஆம்பியர் காட்டினால் சுருளின் புலம் 17.6. முள் 24 டிகிரி ஒதுங்கியது என்று வைத்துக்கொள்வோம். 24-இன் டேன் 0.445. 17.6-ஐ 0.445-ஆல் வகுத்தால் 39.5 மைக்ரோ டெஸ்லா. போன் சொன்ன 40-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

பேட்டரியின் முனைகளை மாற்றி இணைத்து எதிர்ப்பக்க ஒதுக்கத்தையும் படித்து, இரண்டின் சராசரியை எடுங்கள். மூன்றாம் படியில் செய்த அதே தந்திரம்தான், வளையம் சற்றுக் கோணலாக இருந்தாலும் பிழை பெருமளவு கழிந்துபோகும். படித்ததும் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், மின்னோட்டமும் குறைந்துகொண்டே போகும். சிறிய திசைகாட்டியில் ஒரு டிகிரி தப்பாகப் படித்தாலே விடையில் ஐந்து சதவீதம் வரை ஆடும். ஆகவே 38-உம் 42-உம் வந்தால் கவலைப்பட வேண்டாம். 30 அல்லது 55 வந்தால் இடத்தைச் சந்தேகியுங்கள்.

இந்த 40 மைக்ரோ டெஸ்லா எங்கிருந்து வருகிறது

பூமிக்குள் ஒரு பெரிய சட்டக் காந்தம் இருப்பதுபோல் படம் போடுவார்கள். வடிவத்துக்கு அது சரி, காரணத்துக்குச் சரியில்லை. இரும்பு 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் காந்தத்தன்மையை இழந்துவிடும். பூமியின் உள்ளகத்தில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி.

உண்மையில் அங்கே இருப்பது ஒரு டைனமோ. சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கி 5,150 கி.மீ. வரை உருகிய இரும்பும் நிக்கலும் நிரம்பிய வெளிக்கரு. அதற்குள்ளே திடமான உட்கரு இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) 1936-இல் நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்தார். உட்கரு மெல்ல மெல்ல உறைந்து வளர்கிறது. அப்போது வெளிப்படும் வெப்பமும் லேசான தனிமங்களும் மேலே எழும்பி உருகிய இரும்பைப் புரட்டுகின்றன. பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை முறுக்குகிறது. ஏற்கெனவே இருக்கும் காந்தப்புலத்துக்குள் கடத்தி நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரம் மறுபடி காந்தப்புலத்தைத் தரும். சைக்கிள் டைனமோவுக்கு உள்ள விதிதான், தனக்கு வேண்டிய காந்தத்தைத் தானே செய்துகொள்கிறது என்பது மட்டும் கூடுதல்.

ஓடும் திரவம் என்பதால் புலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்தத் துருவத்தைக் கனடாவின் வடகோடியில் கண்டார். அது இன்று ஆர்க்டிக் கடல் வழியாகச் சைபீரியாவின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. முழுப் புலமும் தலைகீழாகப் புரண்டதும் பல முறை நடந்திருக்கிறது. கடைசியாகப் புரண்டது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. எரிமலைக் குழம்பு உறையும்போது அதிலுள்ள காந்தத் துகள்கள் அன்றைய திசையில் நின்றுவிடுவதால் பாறைகளில் இந்த வரலாறு பதிந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதில் உண்டு. பகலில் சூரியன் மேல்வளிமண்டலத்தை அயனியாக்கும்போது, காந்த நடுக்கோட்டின் மேலே 100 கி.மீ. சொச்சம் உயரத்தில் ஒரு குறுகிய பட்டையில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. அதை நேரில் அளக்க ராக்கெட் வேண்டும், ஏவுதளம் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விக்ரம் சாராபாயும் அவரோடு இருந்தவர்களும் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தது இதனால்தான். 1963 நவம்பர் 21-ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளித் திட்டத்தின் முதல் முகவரியைக் கொடுத்தது காந்த நடுக்கோடு. இன்றும் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இந்த மின்னோட்டத்தைத் தரையிலிருந்து கவனித்துவருகிறது. நண்பகலில் அது புலத்தைக் கூட்டுவது 0.1 மைக்ரோ டெஸ்லா அளவில்தான், போனுக்கு எட்டாது.

இதைவிடப் பெரிய ஆட்டம் சூரியப் புயலின்போது வரும். 1859 செப்டம்பரில் மும்பையின் கொலாபா ஆய்வகத்தில் கிடைத்தளக் கூறு சுமார் 1.6 மைக்ரோ டெஸ்லா சரிந்ததைப் பதிவு செய்தார்கள். அந்தப் புயலைப் பற்றி உலகில் இருக்கும் மிக மதிப்புள்ள பதிவுகளில் அதுவும் ஒன்று. 1989 மார்ச்சில் வந்த இன்னொரு புயல் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதையும் ஒன்பது மணி நேரம் இருட்டாக்கியது.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் காந்தத்தைத் தேடுவது

இப்போது ஃபைஃபாக்ஸைத் திறந்து வைத்தபடி வீட்டுக்குள் நடங்கள். எண் எகிறும் இடங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் கதவின் ரப்பர் பட்டைக்குள் ஃபெரைட் என்ற காந்தப்பொருளின் தூள் கலந்த நீளக் காந்தம் ஓடுகிறது. பி.எல்.டி.சி. மின்விசிறியின் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் உண்டு. பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடுவதற்கு அவை முக்கியக் காரணம். மிக்ஸி மோட்டாரில் நிலைக்காந்தம் இல்லை, சுவிட்ச் போட்டால்தான் அதன் சுருள்கள் காந்தமாகும். மெயின் பாக்ஸில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யைச் சொல்லாமல் விட முடியாது. பேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளும் அதற்குள் ஒரு காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போகும் மின்சாரமும் வரும் மின்சாரமும் சமமாக இருந்தால் வளையத்தில் புலம் எதுவும் மிஞ்சாது. யாருடைய உடம்பு வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தால் சமநிலை கெட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் டிரிப் ஆகிவிடும். வீட்டில் இது இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பொருத்துங்கள்.

எல்லாவற்றிலும் அழகான வேலைப்பாடு சாதாரண எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருக்குள் இருக்கிறது. உள்பாத்திரத்தை வெளியே எடுத்தால் நடுவில் ஸ்பிரிங் வைத்த வட்டமான ஒரு பொத்தான் தெரியும். அதற்குள் ஒரு நிலைக்காந்தமும் ஒரு ஃபெரைட் வில்லையும் இருக்கின்றன. நீங்கள் நெம்புகோலை அழுத்தும்போது காந்தம் வில்லையில் ஒட்டிக்கொள்கிறது, ஹீட்டர் ஓடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்த பிறகுதான் வெப்பம் அதற்கு மேல் ஏறும். 103 டிகிரி வாக்கில் அந்த வில்லை காந்தத்தன்மையை இழக்கும்படி செய்திருக்கிறார்கள். இழந்ததும் காந்தத்தின் பிடி விடுகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, "டக்" என்று சத்தம் கேட்கிறது. சிப்பு, புரோகிராம் எதுவும் இல்லாமல் சோறு வெந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிறது. பூமியின் கரு ஏன் நிலைக்காந்தமாக இருக்க முடியாதோ அதே இயல்புதான் இங்கே சமையலுக்கு உதவுகிறது. சூடானால் காந்தம் போய்விடும்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பயன்படும். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது அடியில் ஒட்டிப் பாருங்கள். பலமாக ஒட்டினால் சரி. லேசாக நழுவினால் சரியாகச் சூடாகாது. எவர்சில்வரில் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு, அதனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரும்பு தோசைக்கல் நன்றாக வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால் போதும். தங்கத்தை இப்படிச் சோதிக்கலாம் என்று பரவும் யோசனை பாதி சரி. ஒட்டினால் அதற்குள் இரும்போ நிக்கலோ இருக்கிறது. ஒட்டாததால் அது தங்கம் என்றாகிவிடாது. பித்தளை, செம்பு, வெள்ளி எதுவுமே ஒட்டாது.

கடற்கரைக்குப் போனால் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டுக் கறுப்பு மணலில் இழுத்துப் பாருங்கள். மேக்னடைட் துகள்கள் முள் முள்ளாக ஒட்டிக்கொண்டு வரும். பையிலிருந்து காந்தத்தை உருவினால் துகள்கள் உதிர்ந்துவிடும். அந்தத் தூளை ஒரு தாளில் தூவி, அடியில் காந்தத்தை வைத்துத் தாளைத் தட்டினால் புலக்கோடுகள் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

சிறியதாக இருந்தாலும் மிக வலுவான நியோடிமியம் காந்தங்களைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வலுவான காந்தங்களையும் காந்தம் வைத்த போன்களையும் மார்பிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கட்டும், சட்டைப்பையில் வேண்டாம். ஹார்ட் டிஸ்க், காந்தப்பட்டை உள்ள அட்டைகள் பக்கத்திலும் கொண்டுபோக வேண்டாம். பென் டிரைவுக்கும் சிப் அட்டைக்கும் ஒன்றும் ஆகாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் வலுவிழக்கும், அடுப்படியில் வைக்காதீர்கள்.

வடக்கே தலை வைத்துப் படுத்தால் ரத்தத்தில் உள்ள இரும்பைப் பூமியின் காந்தம் இழுக்கும் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அந்த வழக்கத்தைப் பெரியவர்கள் சொன்னபடி வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இந்தக் காரணம் மட்டும் நிற்காது. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பைப்போல நடந்துகொள்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்த ரத்தம் காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படவே செய்கிறது, இதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கொரியெலும் 1936-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லா, நீங்கள் நாலாம் படியில் அளந்த 40 மைக்ரோ டெஸ்லாவைப்போல 37,500 மடங்கு. அதற்குள் அரை மணி நேரம் படுத்து வருபவர்களின் ரத்தம் ஒரு பக்கமாகத் திரள்வதில்லை. காந்த வளையல், காந்தத் தண்ணீர் என்று விற்பவர்களிடமும் இந்தக் கணக்கையே கேளுங்கள்.

அளந்த எண்களை ஊர், தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வடக்கே எங்காவது பயணம் போனால் போனையும் அந்தப் பென்சில் கோட்டுத் தாளையும் எடுத்துப் போங்கள். ரயிலுக்குள் அளக்க முடியாது, அது முழுக்க இரும்பு. இறங்கியபின் ஒரு பூங்காவில் மூன்றாம் படியை மட்டும் செய்தால் போதும். ஹைதராபாத்தில் சரிவு இருபது டிகிரியைத் தாண்டியிருக்கும். டில்லியில் செங்குத்துக் கூறு கிடைத்தளக் கூறுக்குச் சமமாக வந்து நிற்கும்.